50 டாலரில் பிறந்த படகு! பெரியவர்களுக்கு இடமில்லை

8 அடி நீளம்கூட இல்லை. எடை 35 கிலோ. ஒலிம்பிக் வரை ஆள் அனுப்புகிற படகு இது. ஆனால் இதன் பந்தயத்தில் பெரியவர்களுக்கு இடமே கிடையாது!

பெயர் ‘ஆப்டிமிஸ்ட்’. நல்லதே நடக்கும் என்று நம்புகிறவர் என அர்த்தம்.

இந்தப் படகு பிறந்த கதை வருமாறு:-

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் உள்ள கடற்கரை ஊர் கிளியர்வாட்டர். அங்கே 1947-ம் ஆண்டு மேஜர் கிளிபோர்டு மெக்கே என்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

அந்த நாளில் சிறுவர்கள் மரப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டி மேட்டிலிருந்து உருட்டிப் பந்தயம் விடுவார்கள். வாசலில் கடல் இருக்கிறதே, படகுப் பந்தயம் விட்டால் என்ன என்று நினைத்தார் மெக்கே. ஊரில் இருந்த ஆப்டிமிஸ்ட் சங்கம் கைகொடுத்தது.

பாய்மரப் படகு என்றால் பணக்காரர் சமாசாரம். எனவே ஒரே நிபந்தனை: செலவு 50 டாலரைத் தாண்டக்கூடாது.

மூக்கு போச்சு

படகு கட்டும் கிளார்க் மில்ஸ் வேலையில் இறங்கினார். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை இரண்டே இரண்டு. கூர்மையான மூக்கு வைத்தால் பலகை போதாது. மூக்கை வெட்டி மொட்டையாக்கி விட்டார்! மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிக்குப் பாய் கட்டியது போல இருந்தது. ஆனால் மிதந்தது, ஓடியது.

இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் இது ஓடுகிறது. இப்போது பெரும்பாலும் பைபர் படகுதான். புதிது வாங்க லட்சக்கணக்கில் ஆகும். பல ஊர்களில் சங்கங்களே படகு வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகின்றன.

கவுந்தா என்ன செய்வது?

பந்தயத்தில் ஒரு படகுக்கு ஒரே பிள்ளை. பாயும் சுக்கானும் அதன் கையில்தான். “தனியா போற புள்ள, படகு கவுந்தா என்ன செய்யும்?” என்று கேட்காத தாய் உண்டா?

அதுதான் முதல் பாடமே. படகுக்குள் காற்றுப்பைகள் இருப்பதால் மூழ்காது. உடம்பில் மிதவைச் சட்டை. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைப் பிடித்து அழுத்தினால் படகு நிமிரும். ஏறி உட்கார்ந்து தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு, மறுபடியும் ஓட்ட வேண்டும். காவல் படகு பக்கத்திலேயே நிற்கும்.

சென்னைப் பெண்

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2009-ல் தமிழ்நாடு பாய்மரப் படகு சங்கத்தின் கோடை முகாமில் சேர்ந்தார். ஆப்டிமிஸ்டில் பழகிப் பெரிய படகுக்கு மாறினார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்!

15 வயது நிறைகிற ஆண்டு முடிந்ததும் ஆப்டிமிஸ்ட் பந்தயத்தை விட்டுவிட வேண்டும் என்பது விதி. எவ்வளவு பெரிய சாம்பியன் ஆனாலும் சரி, இறங்கித்தான் ஆக வேண்டும். கரையில் அடுத்த பொடியன் காத்திருக்கிறான்.