கனடா போன குடும்பமா? குழந்தைகளுக்கு மாதா மாதம் அரசு பணம். கேட்டு வாங்குவது எப்படி?

திருச்சி,

வேலைக்காகவும், படிப்புக்காகவும் கனடாவுக்கு குடும்பத்தோடு போகும் தமிழர்கள் கையில் விமான டிக்கெட், விசா, ஊறுகாய் பாட்டில் எல்லாம் இருக்கும். ஆனால் அங்கு குழந்தைகளுக்காக அரசு மாதா மாதம் தரும் பணத்தை எப்படி வாங்குவது என்ற விவரம் மட்டும் தெரியாது.

"அங்க போனதும் தானா பேங்க்ல வந்துடும்" என்று நினைப்பவர்கள் உண்டு. "அதெல்லாம் அந்த ஊர்க்காரங்களுக்குத்தான், நமக்கு எதுக்கு" என்று ஒதுங்குபவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு.

தகுதி இருந்தால் புதிதாக குடியேறிய குடும்பத்துக்கும் இந்த பணம் உண்டு. ஆனால் தானாக வராது. விண்ணப்பம் போட்டால்தான் வரும். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்ற கதைதான்.

எவ்வளவு கிடைக்கும்?

இதன் பெயர் கனடா குழந்தை உதவித்தொகை. 2016-ம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு தனித்தனியாக இருந்த குழந்தை உதவித்தொகைகளை எடுத்துவிட்டு இந்த ஒரே திட்டமாக மாற்றினார்கள். 18 வயது ஆகாத குழந்தைகளுக்கு உண்டு. சி.ஆர்.ஏ. என்று அழைக்கப்படும் கனடா வருவாய்த்துறைதான் இந்த பணத்தை தருகிறது. இந்த தொகைக்கு வரி கிடையாது.

2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான கணக்கின்படி, 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7 ஆயிரத்து 997 டாலர். அதாவது மாதம் 666 டாலர். 6 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஆண்டுக்கு 6 ஆயிரத்து 748 டாலர். மாதம் 562 டாலர். ஒவ்வொரு ஜூலை மாதமும் விலைவாசிக்கு ஏற்ப இந்த தொகை மாற்றப்படும்.

கணவன், மனைவி இருவரின் ஆண்டு நிகர வருமானம் சேர்த்து 37 ஆயிரத்து 487 டாலருக்குள் இருந்தால் முழு தொகையும் கிடைக்கும். அதற்கு மேல் போகப்போக தொகை படிப்படியாக குறையும்.

உதாரணத்துக்கு 4 வயதில் ஒன்று, 8 வயதில் ஒன்று என 2 பிள்ளைகள் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வருமானம் 30 ஆயிரம் டாலர் என்றால் மாதம் சுமார் 1,228 டாலர் கிடைக்கும். அதே குடும்பத்தின் வருமானம் 60 ஆயிரம் டாலராக உயர்ந்தால் மாதம் சுமார் 975 டாலராக குறையும். அப்படி குறைந்தாலும், குளிர் நாட்டில் பால், ஸ்வெட்டர், பள்ளிக்கூட செலவு என்று திண்டாடும் வீட்டுக்கு இது பெரிய கை கொடுப்புதான்.

யாருக்கு தகுதி?

குழந்தை உங்களோடு அதே வீட்டில் கனடாவில் வசிக்க வேண்டும். குழந்தையை முக்கியமாக கவனித்துக்கொள்பவர் நீங்களாக இருக்க வேண்டும். வரிக்கணக்குப்படி நீங்கள் கனடாவில் வசிப்பவராக இருக்க வேண்டும்.

இதோடு கணவன், மனைவி இருவரில் ஒருவராவது கனடா குடிமகனாகவோ, பி.ஆர். என்னும் நிரந்தர குடியுரிமை அனுமதி பெற்றவராகவோ, அகதியாக ஏற்கப்பட்டு பாதுகாப்பு பெற்றவராகவோ இருக்க வேண்டும்.

பி.ஆர். வாங்கிக்கொண்டு போய் இறங்கும் குடும்பத்துக்கு காத்திருப்பு காலம் எதுவும் கிடையாது. போன உடனே விண்ணப்பம் போடலாம். "முதல் வருஷ வரிக்கணக்கு போட்ட பிறகுதான் கேக்கணும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்க தேவையில்லை.

18 மாத கணக்கு

வேலை பெர்மிட், படிப்பு பெர்மிட்டில் போனவர்களுக்கு கணக்கு வேறு. அவர்கள் கனடாவில் தொடர்ந்து 18 மாதம் வசித்திருக்க வேண்டும். 19-வது மாதத்திலும் செல்லுபடியாகும் பெர்மிட் கையில் இருக்க வேண்டும். அந்த பெர்மிட்டில் 'இது தற்காலிக குடியிருப்பு அந்தஸ்து தராது' என்ற வாசகம் இருக்கக்கூடாது.

2025 ஜனவரியில் போனவருக்கு 2026 ஜூன் மாதத்தோடு 18 மாதம் முடிகிறது. ஜூலை 19-வது மாதம். அப்போது விண்ணப்பிக்கலாம். காத்திருந்த 18 மாதத்துக்கு பின்பணம் கிடையாது. இடையில் பி.ஆர். கிடைத்துவிட்டால் 18 மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இங்கேதான் பல குடும்பங்கள் கோட்டை விடக்கூடும். கணவர் முதலில் போவார். 2 வருடம் கழித்து மனைவியும் பிள்ளைகளும் போய்ச் சேருவார்கள். மனைவி தனியாக 18 மாதம் காத்திருக்க வேண்டும் என்று நினைத்து விண்ணப்பம் போடாமலே விட்டுவிடுவார்கள். அது தேவையில்லை. தம்பதியில் ஒருவர் அந்த நிபந்தனையை பூர்த்தி செய்திருந்தாலே போதும். கணவருக்கு 18 மாதம் முடிந்து பெர்மிட் உயிரோடு இருந்தால், மனைவி வந்து குடியேறியதும் விண்ணப்பிக்கலாம்.

பெர்மிட் தேதியை கண்ணும் கருத்துமாக பார்த்துக்கொள்ள வேண்டும். புதுப்பித்தவுடன் அதன் நகலை சி.ஆர்.ஏ.வுக்கு அனுப்ப வேண்டும். பழைய தேதி முடிந்தது, புது நகல் போகவில்லை என்றால் பணம் நின்றுவிடும்.

அகதி கோரிக்கை வைத்தவர்களுக்கு?

டொரண்டோவில் ஸ்கார்பரோ பகுதியில் இலங்கை தமிழர்கள் ஏராளமாக வசிக்கிறார்கள். அகதி அந்தஸ்து கேட்டு மனு கொடுத்து, தீர்ப்புக்காக காத்திருக்கும் காலத்தில் அந்த மனுவை வைத்து இந்த உதவித்தொகையை பெற முடியாது. மனு ஏற்கப்பட்டு பாதுகாப்பு பெற்றவர் என்று முடிவு வந்தால் தகுதி வந்துவிடும். அதற்கு பி.ஆர். அட்டை கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியது இல்லை. முடிவு கடிதத்தின் நகலை வைத்தே விண்ணப்பிக்கலாம்.

அம்மா பெயரில் போடுங்கள்

அப்பா, அம்மா இருவரும் குழந்தையோடு ஒரே வீட்டில் இருந்தால், கவனித்துக்கொள்பவர் அம்மா என்றே சி.ஆர்.ஏ. எடுத்துக்கொள்ளும். எனவே விண்ணப்பத்தை அம்மா பெயரில்தான் போட வேண்டும். அவர் வேலைக்கு போகாதவராக இருந்தாலும் பரவாயில்லை.

அப்பாதான் முழுக்க பார்த்துக்கொள்கிறார் என்றால், அம்மா கையெழுத்து போட்ட கடிதம் ஒன்றை இணைக்க வேண்டும்.

ஊரில் இருந்தே எடுத்துப்போங்கள்

முதல் வேலை பிறப்புச் சான்றிதழ். வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு பிறப்பு ஆதாரம் கேட்பார்கள்.

நம்ம ஊரில் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்ததும் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பை பதிவு செய்துவிடுவது வழக்கம். பிறகு பெயர் சேர்க்க மறந்துவிடுவார்கள். சான்றிதழில் பெயர் கட்டம் காலியாகவே கிடக்கும். பெயர் இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு 12 ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து அலைவதைவிட, புறப்படும் முன்பே மாநகராட்சி, நகராட்சி அல்லது பஞ்சாயத்து அலுவலகத்தில் பெயரை சேர்த்துவிடுவது நல்லது. பதிவு செய்த ஒரு வருடத்துக்குள் கட்டணம் கிடையாது. அதன் பிறகு 15 வருடம் வரை தாமத கட்டணம் கட்டி சேர்க்கலாம்.

சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தமிழிலோ, சிங்களத்திலோ மட்டும் உள்ள சான்றிதழ் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் போடுவது எப்படி?

கனடாவில் இறங்கியதும் 'சின்' என்ற 9 இலக்க சமூக காப்பீட்டு எண்ணை வாங்க வேண்டும். சர்வீஸ் கனடா அலுவலகத்தில் இலவசமாக கொடுப்பார்கள். அடுத்து பேங்க் கணக்கு தொடங்க வேண்டும்.

பிறகு ஆர்.சி.66 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அதோடு ஆர்.சி.66 எஸ்.சி.ஹெச். என்ற இணைப்பு படிவம். கனடாவுக்கு வந்த தேதி, பெர்மிட் விவரம், வருமான விவரம் எல்லாம் இந்த இணைப்பில்தான் வரும். இரண்டும் சி.ஆர்.ஏ. இணையதளத்தில் கிடைக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பி.ஆர். அல்லது பெர்மிட் நகல்களை சேர்த்து அனுப்ப வேண்டும். மூலச் சான்றிதழை அனுப்பாதீர்கள், நகல் போதும்.

புதிதாக போனவர்கள் பெரும்பாலும் தபாலில்தான் அனுப்புகிறார்கள். தபாலில் போட்டால் முடிவு வர பொதுவாக 11 வாரம் வரை ஆகும். அதனால் முதல் 3 மாத செலவுக்கு இந்த பணத்தை நம்பி இருக்கக்கூடாது. முடிவானதும் தகுதி வந்த மாதத்தில் இருந்து சேர வேண்டிய பாக்கி மொத்தமாக வரும். அதன் பிறகு மாதந்தோறும் 20-ந் தேதி வாக்கில் கணக்கில் ஏறும்.

ஒன்டாரியோ மாகாணத்தில் வசிப்பவர்களுக்கு மாகாண அரசின் குழந்தை உதவித்தொகைக்கும் இதே விண்ணப்பம் போதும். கியூபெக் மாகாணத்தில் மட்டும் மாகாண உதவித்தொகைக்கு தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இந்திய சம்பளத்தையும் சொல்லணும்

"கனடாவுல இன்னும் சம்பாதிக்கவே இல்லையே, என்ன வருமானத்தை எழுதுறது?" என்று குழம்புவார்கள். கனடா வருவதற்கு முன்பு இந்தியாவிலோ, துபாயிலோ சம்பாதித்ததை டாலராக மாற்றி எழுத வேண்டும். வருமானமே இல்லாத மனைவிக்கு 0 என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் படிவம் இழுபறியாகும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அவர்களுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. எனவே கம்பெனி கொடுத்த பாரம் 16-ல் உள்ள தொகையை அப்படியே எழுதினால் கணக்கு சரியாக வராது. மாத சம்பள சீட்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட் வைத்து ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டி எழுத வேண்டும். கடைசி 2, 3 வருட சீட்டுகளை கையோடு எடுத்துப்போவது நல்லது.

உண்மையை எழுத பயப்பட வேண்டாம். ஆண்டுக்கு 9 லட்சம் ரூபாய் சம்பளம் என்றாலும் டாலரில் 15 ஆயிரம் பக்கம்தான் வரும். முழு தொகைக்கான வரம்புக்குள்தான் இருக்கும்.

இந்த தப்புகளை செய்யாதீர்கள்

பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு கனடாவில் அதன் பெயரில் பணம் வாங்குவது கூடாது. குழந்தை அங்கு உங்களோடு இருந்தால்தான் பணம். படிப்புக்காக ஊருக்கு அனுப்பி விட்டால் உடனே தகவல் சொல்ல வேண்டும்.

மனைவி, பிள்ளைகள் கனடாவில். கணவர் வேலை பார்ப்பது வளைகுடாவில். இப்படிப்பட்ட குடும்பத்திலும் கணவரின் வருமானத்தை மறைக்க கூடாது. அதற்கு சி.டி.பி.9 என்ற தனி படிவம் உண்டு.

கணவன், மனைவி பிரிந்து 90 நாள் தாண்டினாலும் தெரிவிக்க வேண்டும். வீடு மாறினால் முகவரியை மாற்ற வேண்டும். அவ்வப்போது சி.ஆர்.ஏ.வில் இருந்து ஆதாரம் கேட்டு கடிதம் வரும். பழைய வீட்டுக்கு கடிதம் போய், பதில் போகாவிட்டால் பணம் நிற்கும். அதிகமாக வாங்கிய தொகையை திருப்பி கட்ட சொல்வார்கள். செலவழித்த பிறகு அதை கட்டுவது சும்மா இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஏப்ரல் 30. வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணவன், மனைவி இருவரும் ஆண்டுதோறும் அந்த தேதிக்குள் வரிக்கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். "எனக்குத்தான் சம்பளமே இல்லையே" என்று ஒருவர் விட்டுவிட்டாலும் ஜூலை மாதம் பணம் நின்றுவிடும்.

விட்டுப்போனதா? இன்னும் வழி இருக்கிறது

தகுதி இருந்தும் கேட்காமல் விட்டவர்கள் மனம் தளர வேண்டாம். பின் தேதியிட்டு கேட்கலாம். 11 மாதத்துக்கு மேற்பட்ட பாக்கி என்றால் கூடுதல் ஆதாரம் வேண்டும். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பள்ளிக்கூட கடிதம் போன்றவற்றை வைத்து, குழந்தை உங்களோடுதான் இருந்தது என்று காட்ட வேண்டும். 10 வருடம் வரை பின்னோக்கி கேட்க வழி உண்டு. அதனால் பழைய ரசீதுகளை தூக்கி போடாதீர்கள்.

ஏமாற வேண்டாம்

இந்த விண்ணப்பத்துக்கு கட்டணம் எதுவும் கிடையாது. "நான் வாங்கித்தர்றேன், முதல் மாச பணத்தை எனக்கு கொடுங்க" என்பவர்களிடம் உஷாராக இருக்க வேண்டும். "உங்க குழந்தை பணம் வந்திருக்கு, இந்த லிங்கை அழுத்துங்க" என்று செல்போனில் வரும் மெசேஜை தொடவே கூடாது. சி.ஆர்.ஏ. அப்படி மெசேஜில் பணம் அனுப்புவது இல்லை. கிப்ட் கார்டு வாங்கி அனுப்ப சொல்வதும் இல்லை.

சந்தேகம் இருந்தால் கனடாவில் இருந்து 1-800-387-1193 என்ற எண்ணில் சி.ஆர்.ஏ.வை கேட்கலாம். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவசமாக வரிக்கணக்கு போட்டுத்தரும் தன்னார்வலர் முகாம்களும் நடக்கின்றன.

இங்கே ஊரில் இருக்கும் தாத்தா, பாட்டிகளுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை பேரப்பிள்ளைகளிடம் போனில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு மகளிடமும் மருமகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "அந்த குழந்தை பணத்துக்கு எழுதிப் போட்டாச்சா?"