கிராமப் பஞ்சாயத்தின் ஆயுட்காலமும் சட்டமும்

குளத்து மதகு பழுதுபட்டாலும், வண்டிப்பாதை மழையில் அரித்துப் போனாலும், குடிதண்ணீர்க் கிணறு தூர்ந்தாலும் குடியானவர்கள் முதலில் நாடுவது கிராமப் பஞ்சாயத்தையே ஆகும். நிலச்சுவான்தார்களுக்கு இதில் மற்றுமொரு சம்பந்தமும் உண்டு. நிலத்தீர்வை ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் வீதம் தல மேல்வரி விதிக்கத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இடமளித்திருக்கிறது. உள்ளூர் ஸ்தாபனங்களின் காரியங்களுக்கென்று ஏற்பட்ட வரி அது. ஆகவே, பஞ்சாயத்து எத்தனை காலம் நீடிக்கும், அக்காலம் முடிந்தபின் அதன் அதிகாரம் எவர் கைக்குப் போகும், அப்போது கிராமத்தாருக்கு மிஞ்சும் உரிமை யாது என்பவற்றை நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் தெரிந்திருத்தல் அவசியமாகும்.

காலவரம்பு என்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. முதற் பராந்தகச் சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட சாசனங்கள் குடவோலை மூலம் வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுக்கும் முறையை விவரிக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றில் அமர்ந்தவர்கள் 360 நாள் பணியாற்றி விலக வேண்டும். கணக்குக் காட்டாதவருடைய பெயர் குடவோலையில் இடம்பெறாது. காலம் முடிந்ததும் புதியவர் வரவேண்டும் என்பதும், கணக்கு ஊராருக்கு உரியது என்பதும் அப்போதே நிலைபெற்றிருந்தன.

ஐந்தாண்டு விதி

1920-ஆம் வருஷத்துச் சென்னைக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டமும், அதன்பின் 1950, 1958-ஆம் வருஷங்களில் இயற்றப்பட்ட சட்டங்களும் பஞ்சாயத்துக்களுக்கு அதிகாரம் அளித்தன. ஆயினும், தேர்தலைக் குறித்த காலத்தில் நடத்தியே தீரவேண்டும் என்ற கட்டாயம் அரசியல் சாசனத்தில் இல்லாதிருந்தது. அக்குறையை நீக்கியது 1992-இல் பாராளுமன்றத்தில் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 முதல் அமுலுக்கு வந்த எழுபத்துமூன்றாவது சாசனத் திருத்தம். அதனையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது.

இத்திருத்தத்தின்படி, ஒரு பஞ்சாயத்தின் ஆயுட்காலம் அதன் முதற்கூட்டத்திலிருந்து ஐந்து வருஷம். அதற்கு மேற்படுதல் கூடாது. அக்காலம் முடிவதற்கு முன்னரே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். இடையில் பஞ்சாயத்து கலைக்கப்படுமாயின், கலைக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடைபெற வேண்டும். அவ்வாறு வருகிற பஞ்சாயத்து மிச்சமுள்ள காலத்துக்கு மட்டுமே பதவி வகிக்கும். மிச்சக் காலம் ஆறு மாதத்துக்குக் குறைவாயின், அதற்கெனத் தனித் தேர்தல் வேண்டியதில்லை. தேர்தலை நடத்தும் பொறுப்பு ராஜ்யத் தேர்தல் கமிஷனைச் சார்ந்தது.

பஞ்சாயத்துக்களிடம் ஒப்படைக்கத்தக்கவை என 29 இனங்கள் சாசனத்தின் பதினோராம் அட்டவணையில் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவது விவசாயம். இரண்டாவது நில அபிவிருத்தியும் மண் பாதுகாப்பும். மூன்றாவது சிறு பாசனமும் நீர் நிர்வாகமும். நான்காவது கால்நடையும் பால், கோழிப் பண்ணைகளும். இவ்வரிசையைக் கண்டால், பஞ்சாயத்துத் தேர்தல் குடியானவர்களைத் தொடாத வெறும் அரசியற் காரியம் என்று எண்ணுவது தவறென விளங்கும்.

விதியும் நடைமுறையும்

விதி இவ்வாறு இருக்க, தமிழ்நாட்டில் நடந்தது வேறு. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துக்களின் காலம் 2016 அக்டோபரில் முடிவுற்றது. அம்மாதத்திலேயே நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பு விதிகளுக்கு இசைந்ததாக இல்லை எனக் கண்டு, சென்னை ஹைகோர்ட்டு 2016 அக்டோபர் 4-ஆம் தேதி அதை ரத்து செய்தது. அதன்பின் தொகுதி எல்லை வகுத்தல், இட ஒதுக்கீடு, வழக்குகள், ஜில்லாக்களின் பிரிவினை எனக் காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முடிவில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 ஜில்லாக்களில் வாக்குப்பதிவு நடந்து, 9,624 கிராம ஊராட்சிகளுக்குத் தலைவர் பதவித் தேர்தல் முடிந்தது. புதிதாகத் திருத்தி அமைக்கப்பட்ட ஒன்பது ஜில்லாக்களில் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரிலேதான். 2020 ஜனவரியில் பதவியேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிவுற, அடுத்த தேர்தல் நடவாமையால் அவ்விடங்களில் மீண்டும் தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர்.

கோர்ட்டுகளின் தீர்மானம்

இத்தகைய தாமதத்தைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு இருமுறை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆமதாபாத் நகரசபை பற்றிய கிஷன்சிங் தோமர் வழக்கில், 2006 அக்டோபரில், ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு காலவரம்பு கட்டாயமானது எனத் தீர்மானித்தது. இயற்கை உற்பாதம் போன்ற அசாதாரணமான நிலைமை நேர்ந்தாலன்றித் தேர்தலைத் தள்ளிவைத்தல் கூடாது. வாக்காளர் ஜாபிதாவைத் திருத்தும் வேலை தக்க காலத்தில் முடியாவிடில் உள்ள ஜாபிதாவைக் கொண்டே தேர்தல் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். அது நகரசபை வழக்காயினும், பஞ்சாயத்துக்களுக்கான காலவரம்பு விதியும் அதே தன்மையதே.

இரண்டாவது, மத்தியப் பிரதேச ராஜ்யத்தைப் பற்றிய சுரேஷ் மகாஜன் வழக்கு. அந்த ராஜ்யத்தில் 23,000-க்கு மேற்பட்ட உள்ளூர் ஸ்தாபனங்கள் தேர்தலின்றி இருந்தன. 2022 மே 10-ஆம் தேதி உத்தரவில், இரண்டு வாரத்துக்குள் தேர்தல் அறிவிப்பு வெளியிடும்படி தேர்தல் கமிஷனுக்குக் கட்டளையிடப்பட்டது. தொகுதி எல்லை வகுக்கும் வேலை முடியவில்லை என்பதும், பிற்பட்ட வகுப்பினருக்கான ஒதுக்கீட்டுக்கு வேண்டிய விசாரணை முடியவில்லை என்பதும் தேர்தலை நிறுத்திவைக்கக் காரணமாகா என்றும், இது மற்ற ராஜ்யங்களுக்கும் பொருந்தும் என்றும் கோர்ட்டு கூறிற்று.

தேர்தல் இல்லாக் காலத்தின் நஷ்டம்

தனி அலுவலர் காலத்தில் பஞ்சாயத்தின் அதிகாரங்கள் யாவும் ஓர் உத்தியோகஸ்தரிடம் சேருகின்றன. அவர் எவ்வளவு திறமைசாலியாயினும், கிராமங்களின் எண்ணிக்கையை நோக்க வேண்டும். தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்களில் 12,525 கிராம ஊராட்சிகள் எனக் கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது. சராசரியாக ஒன்றியம் ஒன்றுக்கு 32 கிராமங்கள் ஆகின்றன. வாய்க்கால் உடைப்பை இரவில் வந்து பார்க்கும் வார்டு அங்கத்தினர் செய்யும் வேலையை 32 கிராமங்களுக்குப் பொறுப்பான ஒருவர் செய்தல் இயலாது.

பண நஷ்டமும் உண்டு. மத்திய நிதிக் கமிஷன் சிபாரிசு செய்யும் மானியங்கள் முறைப்படி அமைந்த உள்ளூர் ஸ்தாபனங்களுக்கு உரியவை. 2016-க்குப் பின் தேர்தலின்றி இருந்த வருஷங்களில் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு உரிய மத்திய மானியம் இக்காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. 2021-22 முதல் 2025-26 வரைக்குமான பதினைந்தாவது நிதிக் கமிஷனின் மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கு சுகாதாரம், குடிதண்ணீர், மழைநீர் சேகரம் ஆகியவற்றுக்கென்றே குறிக்கப்பட்டிருந்தது. இத்தகைய தொகை நின்றால் முதலில் வாடுவது கிராமத்துக் கிணறும் ஊருணியுமே.

கிராம சபை கலைவதில்லை

இவ்விடத்தில் பலரும் கவனியாத சட்ட நுட்பம் ஒன்றுண்டு. காலாவதியாவது தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து மட்டுமே. கிராமத்து வாக்காளர் ஜாபிதாவில் பெயருள்ள யாவரும் சேர்ந்த கிராம சபைக்கு ஆயுட்காலம் கிடையாது. அது தேர்தலால் உண்டானதன்று. ஆதலின் தேர்தல் நடவாமையால் அழிவதும் இல்லை. தனி அலுவலர் காலத்திலும் அது கூட்டப்பட்டே வந்திருக்கிறது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என நான்காக இருந்த கூட்ட நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்குவதென 2022-இல் ராஜ்ய சர்க்கார் தீர்மானித்தனர். வருகைக்கு ஒரு குறைந்த அளவு உண்டு. ஜனத்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேரும், 501 முதல் 3,000 வரை 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் வந்திருக்க வேண்டும். கிராமத் திட்டத்தை அங்கீகரித்தல், வரவு செலவு மதிப்பீட்டை ஒப்புதல், தணிக்கை அறிக்கையைப் பரிசீலித்தல் ஆகியவை இச்சபையின் காரியங்கள்.

செய்யத்தக்கவை

1. ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைந்த குளங்கள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் உள்ளவை. அவற்றின் மதகு, கலிங்கு, வரத்து வாய்க்கால் ஆகியவற்றின் பழுதை வாயால் முறையிட்டு விடாமல், கிராம சபையில் எழுத்து மூலமான தீர்மானமாக்குவது நலம். தீர்மானத்தில் சர்வே நம்பர் குறிக்கப்படல் வேண்டும்.

2. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படமும் அடங்கலும் நீர்வழிப் புறம்போக்கின் எல்லையைக் காட்டுவன. கூட்டத்துக்கு முன்னரே அவற்றைச் சரிபார்த்து வைத்தால் வீண் விவாதம் குறையும்.

3. ஊராட்சிச் செயலர் தீர்மானப் புஸ்தகத்தையும் கணக்குகளையும் சபையோர் காணும்படி வைத்தல் வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்தில் இவ்வேடுகளே கிராமத்தின் ஞாபகம்.

4. வாக்காளர் ஜாபிதாவில் பெயர் விடுபட்டவர்கள் தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல் திருத்தம் கோருதல் நன்று.

5. தமிழ்நாட்டில் உள்ளூர் ஸ்தாபனங்களில் பாதி இடம் ஸ்திரீகளுக்கென 2016-இல் சட்டம் செய்யப்பட்டது. அங்கஹீனர்களை நியமிக்க 2025-இல் திருத்தம் வந்தது. குடும்பத்து ஸ்திரீகளும் கிராம சபைக்கு வந்து நடைமுறை அறிந்திருந்தால், அவ்விடங்களை உரியவர்களே திறம்பட நிரப்புதல் கூடும்.

வயலுக்குப் பருவம் தவறினால் விளைவு குறையும். கிராம ஆட்சிக்குத் தேர்தல் தவறினாலும் அவ்வாறே. தேர்தலை நடத்துவிப்பது கமிஷனுக்கும் சர்க்காருக்கும் உரிய கடமை. அது வரும்வரை கிராம சபையைக் கூட்டி, வருகை நிறைத்து, கணக்குக் கேட்டு, தீர்மானம் எழுதிவைப்பது குடியானவர்களின் கையிலேயே இருக்கிறது.