மாவுச்சத்துக் குறைந்த உணவில் பழத்தின் தேவை

நீரிழிவைக் கட்டுக்குள் வைக்கவும் உடல் எடையைக் குறைக்கவும் மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் முறை இன்று பலராலும் பின்பற்றப்படுகிறது. சோறும் இட்டிலியும் குறைந்து காய்கறியும் கீரையும் பெருகும் இம்முறையில் பழமும் பெரும்பாலும் விலக்கப்படுகிறது. அவ்விலக்கினால் உடலுக்குக் குறை நேருமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதற்கண் 'பழம்' என்னும் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். தாவரவியல் நோக்கில் பூவின் சூலகம் முதிர்ந்து உருவாவது கனி. அவ்வகையில் கத்தரி, வெண்டை, பாகல், புடல் அனைத்தும் கனிகளே. தமிழ் வழக்கோ முதிர்ச்சி நிலையைக் கொண்டு காய், பழம் எனப் பிரிக்கிறது. பழுக்கும்போது மாவு சர்க்கரையாக மாறுவதால் இப்பகுப்பு ஊட்டவியலுக்கும் ஓரளவு பொருந்தும். ஓரளவே, வாழைக்காயைக் காய்தானே என்று தாராளமாக உண்பவர் மாவையே உண்கிறார்.

பழம் தரும் நார்ச்சத்து, பொட்டாசியம், ஃபோலேட் ஆகியவை கீரையிலும் காயிலும் கிடைக்கின்றன. ஐயத்திற்குரியது வைட்டமின் சி ஒன்றே. மனித உடல் இதனைத் தானே ஆக்கிக்கொள்வதில்லை. இது குன்றினால் ஈறுகளில் குருதி கசியும் ஸ்கர்வி நோய் தோன்றும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் நோயுற்ற மாலுமிகள் பன்னிருவரிடம் நடத்திய சோதனையில் ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். ஆயினும் அயர்லாந்தின் ஏழை மக்களை இந்நோயிலிருந்து காத்தது பழமன்று, உருளைக்கிழங்கே. 1845 முதல் அப்பயிர் நோயுற்று அழிந்தபோது ஸ்கர்வி அங்கே தலைகாட்டியது. 1930-களில் ஹங்கேரியில் ஆல்பர்ட் செண்ட்-ஜியார்ஜி இச்சத்தைப் பெருமளவில் பிரித்தெடுத்ததும் பழத்திலிருந்து அன்று, மிளகாய் வகையொன்றிலிருந்து. பழச்சாற்றின் சர்க்கரை அப்பணிக்கு இடையூறாக இருந்தது.

100 கிராம் சிவப்புக் குடைமிளகாயில் ஏறத்தாழ 128 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. மாவுச்சத்து 6 கிராம் அளவே. அதே எடையுள்ள ஆப்பிளில் முன்னது 5 மில்லிகிராம், பின்னது 14 கிராம். நோயாளியைக் காணச் செல்வோர் ஆப்பிளையே வாங்கிச் செல்வது வியப்பிற்குரியது. கொய்யா மட்டும் வேறு: மாவுச்சத்து ஆப்பிளை ஒத்திருப்பினும் வைட்டமின் சி 200 மில்லிகிராமைக் கடக்கும்.

ஆகவே பழம் இன்றியமையாதது அன்று. ஆனால் இம்முடிவு சமையலைச் சார்ந்தது. வைட்டமின் சி நீரில் கரையும், வெப்பத்தில் சிதையும். காயை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் அட்டவணை காட்டும் அளவு தட்டிற்கு வந்து சேர்வதில்லை. பழத்தின் உண்மையான மேன்மை அது பச்சையாக உண்ணப்படுவதே. பழத்தை விலக்குவோர் குடைமிளகாயையோ முட்டைக்கோசையோ நாள்தோறும் சிறிது பச்சையாக உண்ணலாம். பொரியலை இறக்கிய பின் எலுமிச்சை பிழியலாம். பழுத்தும் 'காய்' என்றே வழங்கும் நெல்லிக்காயைச் சேர்க்கலாம்.

இன்சுலின் எடுத்துக்கொள்வோர் மருத்துவரிடம் மருந்தளவை மாற்றியமைக்காமல் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தல் கூடாது. குருதிச் சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் தோன்றும் வேளையில் இனிப்பான பழச்சாறே விரைந்து உதவும். அவ்வேளையில் இவ்விலக்கு பொருந்தாது.