நெய்தல் நிலம் பேசும் துயரம்

திருவொற்றியூர்க் கடற்கரையை ஒட்டிப் பட்டினத்தார் சமாதி அமைந்துள்ளது. அவரைச் சித்திரிக்கும் படங்களிலும் சிலைகளிலும் கையில் ஒரு கரும்பைக் காணலாம். அவர் ஊர்தோறும் சுமந்து சென்ற பேய்க்கரும்பு எந்தத் தலத்தில் இனிக்கிறதோ, அங்கே அவருக்கு முக்தி என்பது மரபுக் கதை. அது இனித்த இடம் திருவொற்றியூர். துறவு கனிந்த நிலை எத்தகையது என்று விளக்க ஒரு நூலே எழுதலாம். கசந்த கரும்பு இனித்தது என்னும் ஒரு செய்தியோ, அதை நாவிலேயே உணர்த்திவிடுகிறது.

கவிஞர்கள் உணர்வைச் சொல்லும் வழியும் இதுதான். 'நான் துயருற்றேன்' என்று ஒருவர் கூறினால் அது நமக்குத் தகவல். துயருற்றவரின் கண்ணில் பட்ட பொருளை நம் கண்ணுக்கும் காட்டினால் அது அனுபவம். புலன்களுக்கு எட்டும்படி சொற்களால் ஒரு காட்சியை எழுப்புவதைப் படிமம் என்கிறோம். அக்காட்சியிலுள்ள பொருள் தன்னைக் கடந்து வேறொன்றையும் சுட்டுமானால் அது குறியீடு. புதுக்கவிதையோடு சேர்ந்து இச்சொற்கள் பரவலாயின; முறை மிகப் பழையது.

தொல்காப்பியம் அதற்கு இலக்கணமே வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரம், பறவை, விலங்கு, தொழில் போன்றவை கருப்பொருள். மாந்தரின் உணர்வொழுக்கம் உரிப்பொருள். கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். சிறுபொழுது, பகலவன் சாயும் எற்பாடு. இப்பொருத்தம் ஏட்டில் பிறந்ததன்று. கடலுக்குள் சென்றவர் திரும்பும்வரை கரையில் இருப்பவருக்கு உறுதி ஏதுமில்லை. வெளிச்சம் குறையக் குறைய அச்சம் வளரும். காசிமேட்டிலும் எண்ணூரிலும் வாழும் மீனவக் குடும்பங்களுக்கு இதை எந்த உரையாசிரியரும் விளக்க வேண்டியதில்லை.

நெய்தல் பாடல்களில் மாலைப் பொழுதில் பனைமரத்திலிருந்து அன்றில் குரல் கொடுக்கும். இணையைப் பிரிந்து வாழாத பறவை அது என்பது அன்றைய நம்பிக்கை. எனவே, குரல் ஒலித்த அளவிலேயே தனித்திருக்கும் தலைவியின் நெஞ்சம் கேட்போருக்குப் புலப்பட்டுவிடும். தெய்வம் நீங்கலான கருப்பொருள்களைக் கொண்டு, சொல்ல வந்ததை உள்ளே பொதிந்து வைக்கும் உத்திக்கு உள்ளுறை உவமம் என்று பெயர். உவமையில் இரு பொருள்களும் வெளிப்படையாக நிற்கும். உள்ளுறையிலோ பாதியைப் புலவர் சொல்வார்; மீதியைக் கேட்பவர் நிரப்ப வேண்டும்.

நிரப்ப வேண்டுமெனில், கேட்பவருக்கு அந்தப் பொருள் தெரிந்திருக்க வேண்டும். கடல் வணிகராயிருந்த பட்டினத்தாரைத் துறவியாக்கியது, வளர்ப்பு மகன் விட்டுச் சென்ற காதறுந்த ஊசி என்பர். எல்லார் வீட்டிலும் ஊசி உண்டு. காதறுந்தால் நூல் கோக்க இயலாது. அதைக் கொண்டு எதையும் சேர்க்க முடியாது. கப்பல் கப்பலாகச் சேர்த்தவருக்கு அந்தச் சிறு பொருள் போதுமானதாக இருந்தது. நமக்கும் அது இன்றுவரை புரிகிறது. அன்றிலின் நிலை வேறு. அது எந்தப் பறவை என்பதிலேயே இன்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. ஒரு காலத்தில் நெஞ்சை அறுத்த குரல், இப்போது மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் கருப்பொருள் பட்டியலில் ஒரு சொல்.

இந்த இழப்பு பழங்கதை என்று எண்ண வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடும் கலந்தது. மீனவர்கள் படகில் சென்று அதைக் கைகளால் அள்ளினார்கள். எண்ணெய் அப்பிய இறகுகளோடு நின்ற கூழைக்கடாக்களின் படங்கள் நாளிதழ்களில் வெளிவந்தன. அவற்றைப் பார்த்தவர் எவருக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை. நெய்தலின் இரங்கல் புதியதொரு கருப்பொருளைக் கண்டுகொண்டது. கடலுக்குள் சென்ற மனிதனுக்காகக் கரை அஞ்சிய காலம் போய், கடலுக்காகவே அஞ்சும் காலம் வந்திருக்கிறது.

இப்பகுதியின் துயரை எழுத முனையும் இளங்கவிஞர்கள், தாங்கள் பார்த்திராத அன்றிலையும் தாழையையும் கடன் வாங்க வேண்டியதில்லை. துறைமுகம் நோக்கி வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறை, சாம்பல் படிந்த வலை ஆகியவை அவர்கள் அன்றாடம் காண்பவை. வடசென்னையின் இழவு வீடுகளில் பாடப்படும் கானாவும் தெருவில் புழங்கும் சொற்களைக் கொண்டே மரணத்தைப் பாடுகிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. கண்டு எழுதாமல் பிறர் எழுதியதைப் பார்த்து எழுதினால், எண்ணெய் படிந்த பறவையும் விரைவிலேயே தேய்ந்த முழக்கமாகிவிடும்.

பள்ளிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. திருவொற்றியூர் மாணவர் நெய்தல் திணையைக் கற்கும் நாளில், ஒரு மாலைப்பொழுதேனும் ஆசிரியரோடு கடற்கரையில் நின்று, படகுகள் திரும்புவதைக் காண வேண்டும். இரங்கல் என்னும் சொல்லின் பொருள் அங்கே விளங்கும்.

கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்திலிருந்து அலையாத்தி மரங்களும் நண்டும் இறாலும் மறைந்துபோனால், மீனவர்கள் பிழைப்பை இழப்பார்கள். அவர்களின் துயரைச் சொல்லத் தமிழுக்கு இருக்கும் சொற்களும் அவற்றோடு மறையும்.