ஒரு பொத்தானா, இரண்டா? மவுஸ் சொல்லித்தரும் வியாபாரப் பாடம்

கணினி மவுஸில் எத்தனை பொத்தான்கள் இருக்க வேண்டும்? கேள்வி சிறியதுதான். ஆனாலும் இதற்காக உலகின் பெரிய நிறுவனங்கள் இருபது வருடங்களுக்கு மேல் இரு பக்கமாக நின்றன. பொருள் விற்றுப் பிழைக்கும் எம் போன்றவர்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

மவுஸ் என்ற எண்ணம் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற அமெரிக்கருடையது. அவரது சகா பில் இங்கிலிஷ் 1964 இல் அதை மரத்தில் செய்தார். அதற்கு ஒரே பொத்தான். 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பலர் முன் காட்டியபோது மூன்று பொத்தான்கள் இருந்தன. பயிற்சி எடுத்தால் மனிதன் எதையும் பழகுவான், ஆகவே கருவி வலுவுள்ளதாக இருக்கட்டும் என்பது எங்கெல்பார்ட்டின் கொள்கை.

அப்பிள் நிறுவனம் மறுபக்கம் நின்றது. 1983 இல் வந்த அதன் லிசா கணினியின் மவுஸில் ஒரே பொத்தான். எதை அமத்துவது என்று புதியவர் தடுமாறக் கூடாது என லாரி டெஸ்லர் போன்றவர்கள் வாதாடினார்கள். அதே வருடம் மைக்ரோசொப்ட் இரண்டு பொத்தான் மவுஸை விற்பனைக்கு விட்டது.

யார் சொன்னது சரி? இரணைமடுச் சந்திக்குக் கிட்ட வியாபாரம் செய்யும் எனக்கு இரண்டும் சரியாகவே தெரிகிறது. யுத்தம் 2009 இல் முடிந்த பின் வெறுங்கையோடு திரும்பி வந்து, நெல் விற்ற காசில் பிள்ளைக்குக் கணினி வாங்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. "இடதை அமத்திறதோ, வலதை அமத்திறதோ நானா?" என்று தகப்பன் கேட்பார். "இப்போதைக்கு இடதை மட்டும் அமத்துங்கோ ஐயா" என்பேன். ஒரு மாதம் போனதும் அவரே வந்து வலது எதற்கென்று விசாரிப்பார். லான்ட்மாஸ்டரில் இரு கைப்பிடியிலும் லீவர் பிடித்து வயலில் திருப்புகிறவருக்கு இரண்டு பொத்தான் பெரிய காரியமல்ல. முதல் நாள் பயம்தான் தடை. அந்தப் பயம் நீங்காவிட்டால் கணினி சீலை போர்த்தி மூலையில் கிடக்கும். காசும் வீண், பிள்ளையின் படிப்பும் வீண்.

பொத்தானைக் குறைத்தால் வேலை குறைந்துவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒற்றைப் பொத்தானில் இரண்டு தரம் விரைவாக அமத்த வேண்டி வந்தது. பிறகு விசைப்பலகையில் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு அமத்தும் முறையும் சேர்ந்தது. கை நடுங்கும் முதியவருக்கு இரட்டை அமத்தலே பெரும் சிரமம். இன்றைய கைபேசியில் பொத்தானே இல்லை என்கிறோம். ஆனால் விரலை அழுத்திப் பிடித்தால் இன்னொரு பட்டியல் வருகிறதல்லவா? அது ஒளிந்திருக்கும் இரண்டாவது பொத்தான்தான்.

கடைசியில் அப்பிளும் 2005 இல் ‘மைட்டி மவுஸ்’ கொண்டுவந்தது. வெளியே பார்த்தால் வழுவழுப்பான ஓடு. புதிதாக இணைத்தால் ஒரே பொத்தான் போல வேலை செய்யும். விரும்பியவர் அமைப்பை மாற்றினால் வலப்பக்கமும் வேலை செய்யும்.

சக வியாபாரிகளே, இதுதான் வழி. முதல் நாள் வருகிறவரும் நூறாம் நாள் வருகிறவரும் ஒரே வாடிக்கையாளர்தான். மவுஸோ, தண்ணீர்ப் பம்போ, கைபேசியோ, அவருக்குத் தேவையான ஒன்றை முதலில் காட்டிக் கொடுங்கள். மிச்சத்தைப் பழக ஒரு கிழமை கழித்து வரச் சொல்லுங்கள். இலாபம் கூட என்பதற்காக ஆறு பொத்தான் மவுஸை அவர் தலையில் கட்டாதீர்கள். பயமின்றிப் பாவிக்கும் பொருளை வாங்கியவரே மறுபடியும் எமது கடைப்படி ஏறுவார்.