வெயில் இருந்தும் விசிறி நின்றது ஏன்?

சித்திரை மாத நண்பகல். மின்சாரம் தடைப்பட்டது. எங்கள் தெருவில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் சூரிய மின்தகடுகள் அமைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. அவ்வீட்டிலும் விசிறி நின்றுவிட்டது. "தலைக்கு மேல் வெயில் கொளுத்துகிறது. இவ்வளவு பணம் செலவழித்துத் தகடும் போட்டிருக்கிறோம். பிறகு ஏன் இந்தப் புழுக்கம்?" என்று அவ்வீட்டின் மூத்த அம்மையார் கேட்டார். விற்றவர் முன்னரே விடை கூறியிருக்க வேண்டிய கேள்வி அது. வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் இத்தகடுகளை அமைக்கும் எண்ணம் இருக்குமாயின், அவற்றின் இயக்கத்தைச் சற்று அறிந்துகொள்வது நலம்.

வெயிலின் வெப்பமே மின்சாரமாகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. மின்சாரமாவது ஒளியே. மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் சிலிக்கானை மெல்லிய சில்லுகளாக்கி, ஒரு பக்கத்தில் பாஸ்பரஸையும் மறுபக்கத்தில் போரானையும் மிகச் சிறிதளவு கலக்கின்றனர். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மின்புலம் உண்டாகிறது. ஒளி பட்டதும் விடுபடும் எலக்ட்ரான்களை அம்மின்புலம் ஒரே திசையில் செலுத்துகிறது. அதுவே மின்னோட்டம். ஒளியால் மின்சாரம் பிறப்பதை 1839-இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு அறிஞர் பெக்கரல். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கிய சிலிக்கான் சில்லு, தன்மேல் விழுந்த ஒளியில் 6 விழுக்காட்டையே மின்சாரமாக்கியது. இன்றைய தகடுகள் 20 விழுக்காட்டுக்கும் மேல் தருகின்றன. வெப்பமோ இவற்றுக்குப் பகை. தகடு சூடாகச் சூடாக விளைச்சல் குறையும். ஆகவே, தகட்டின் அடியில் காற்று புகுந்து செல்ல இடம் விடவேண்டும்.

ஒரு சில்லு ஏறக்குறைய அரை வோல்ட் அழுத்தமே தரும். எனவே பல சில்லுகளைச் சங்கிலிபோல் தொடராக இணைத்துத் தகடாக்குகின்றனர். தகடுகளையும் அவ்வாறே இணைக்கின்றனர். இங்கேதான் நிழலின் கேடு இருக்கிறது. ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தாலும், அந்த மூலையோடு நில்லாமல் தொடரின் விளைச்சலே குறையக்கூடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் காலை, நண்பகல், மாலை என மும்முறை மாடியேறிப் பாருங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளும். தென்புறத்துத் தென்னையையும் அண்டை வீட்டு மாடியையும் அம்மாதத்தை நினைத்தே அளக்க வேண்டும்.

நம் தமிழகத்தில் தகடு தெற்கு நோக்கி, 10 பாகை அளவில் சாய்ந்திருப்பது பொருத்தம். 1 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும். சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் கிடைக்கும். 3 கிலோவாட் அமைத்தால் இரு மாதங்களில் சுமார் 700 யூனிட். தாங்கும் சட்டம் துருப்பிடியாத வகையாக, புயற்காற்றைத் தாங்குவதாக இருக்கட்டும். தளத்தைத் துளையிட்டால் மழைநீர் கசியும் என்பதை மறவாதீர்கள். சட்டத்தைச் சற்று உயர்த்தி அமைத்தால் அதன் கீழ் துணி உலர்த்தலாம். வடகம் காயவைக்க மட்டும் வேறிடம் தேட வேண்டும்!

தகடு தருவது நேர்மின்சாரம். அதை வீட்டுக்குரிய மாறுமின்சாரமாக்குவது இன்வெர்ட்டர். பகலில் மிஞ்சுவது நெட் மீட்டர் வழியாக மின்வாரியக் கம்பிக்குச் செல்லும்; கணக்கில் வரவாகும். ரமளானில் ஸஹர் நேரத்து விளக்குக்கும் விசிறிக்கும் வாரியத்திலிருந்து பெறுவதை அவ்வரவில் கழித்துக்கொள்வர்.

அம்மையாரின் கேள்விக்கு விடை இதுதான். மின்தடையின்போது ஊழியர் கம்பத்தில் ஏறியிருப்பார். நம் மாடியிலிருந்து மின்சாரம் கம்பியில் பாய்ந்தால் அவர் உயிர் போகும். எனவே வாரியக் கம்பியில் மின்சாரம் நின்ற கணமே இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். இது பழுதன்று, பாதுகாப்பு. தடை நேரத்திலும் விளக்கு எரிய வேண்டுமாயின் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தனியே வேண்டும். செலவும் கூடும்.

செலவைப் பற்றி ஒரு சொல். மத்திய அரசு 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 என மானியம் வகுக்கப்பட்டது. வங்கிக் கடனும் உண்டு. அதில் வட்டியும் உண்டு. வட்டியைத் தவிர்ப்போர் கைப்பணத்துக்கு ஏற்றவாறு 1 கிலோவாட்டில் தொடங்கலாம். மின்கட்டணமே சொற்பமாக வரும் சிறு குடும்பத்தார் அவசரப்பட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

அமைத்த பின் இரு வாரங்களுக்கு ஒருமுறை புழுதியைக் கழுவுங்கள். உப்புநீர் வேண்டாம், கண்ணாடியில் கறை படியும். உச்சிவெயிலில் சுட்டுக்கிடக்கும் கண்ணாடிமேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் காணலாம். அதிகாலையே ஏற்ற நேரம்.

எங்கள் தெரு வீட்டார் பிறகு இரண்டு விசிறிக்கும் நான்கு விளக்குக்கும் போதுமான பேட்டரியையும் அதற்கேற்ற இன்வெர்ட்டரையும் வாங்கி இணைத்துக்கொண்டனர்.