வானத்துச் சுரங்கங்கள்: செலவுக்கேற்ற செல்வமா?

ஹிஜ்ரி 724 (கி.பி. 1324) இல் மாலிப் பேரரசர் மன்சா மூசா ஹஜ் பயணத்தின் வழியில் கெய்ரோ வந்தடைந்தார். அவரும் அவருடைய பரிவாரத்தினரும் அந்நகரில் தங்கத்தை வாரி வழங்கினர். சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அங்கு விவரம் திரட்டிய வரலாற்றாசிரியர் அல்-உமரீ, அதன் விளைவைப் பதிவு செய்துள்ளார். அதுவரை 25 திர்ஹத்துக்குக் குறையாதிருந்த ஒரு மித்கால் தங்கத்தின் விலை 22 திர்ஹமாகவும் அதற்குக் கீழும் இறங்கியது; அவர் எழுதும் காலம்வரை அது பழைய நிலைக்கு மீளவில்லை. பொருள் பெருகினால் அதன் விலை நிலைப்பதில்லை என்னும் எளிய உண்மையை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. சிறுகோள்களிலிருந்து உலோகம் கொண்டுவருவது பற்றிப் பேசுவோர் பலரும் மறந்துவிடுவது இந்த உண்மையைத்தான்.

சூரியக் குடும்பம் உருவான சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன், கோளாகத் திரளாமல் எஞ்சிய பாறைகளும் உலோகத் துண்டுகளுமே சிறுகோள்கள். இவற்றுள் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றுகின்றன. சில பூமிக்கு அண்மையிலும் வந்து செல்கின்றன. பூமி உருகிய நிலையில் இருந்தபோது இரும்பும், அதனுடன் சேரும் இயல்புடைய தங்கம், பிளாட்டினம் போன்றவையும் பெருமளவில் அதன் மையத்திற்குள் அமிழ்ந்துவிட்டன. சில சிறுகோள்களிலோ இவ்வுலோகங்கள் எட்டக்கூடிய இடத்திலேயே இருக்கின்றன. இவற்றின்மீது ஆசை பிறக்கக் காரணம் இதுவே.

220 கிலோமீட்டர் அளவு விட்டமுடைய ‘சைக்கி’ என்னும் சிறுகோளின் மதிப்பு, ஒன்றுக்குப் பின் பத்தொன்பது சுழியங்கள் இட்ட டாலர் தொகை என்று செய்தித்தாள்கள் எழுதின. அது முழுவதும் இரும்பு, நிக்கல் எனக் கொண்டு, அதைப் பூமியின் சந்தை விலையால் பெருக்கிப் பெற்ற எண் அது. அத்தனை இரும்பை வாங்குவோர் எவருமிலர். அவ்வளவும் சந்தைக்கு வந்தால் அந்த விலையும் இராது. மேலும், சைக்கி உலோகமும் பாறையும் கலந்த ஒன்றாகவே இருக்கக்கூடும் என்று பின்னைய ஆய்வுகள் காட்டுகின்றன. 2023 அக்டோபரில் ஏவப்பட்ட நாசாவின் விண்கலம் 2029 இல் அங்கு சென்றடையும்போது இது தெளிவாகும்.

இனி, இதுவரை நடந்தவற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஜப்பானின் ‘ஹயபுசா’ 2010 இல் கொண்டுவந்தது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான துகள்களே. ‘ஹயபுசா-2’ ரியுகு என்னும் சிறுகோளிலிருந்து 2020 இல் சுமார் 5.4 கிராம் கொணர்ந்தது. நாசாவின் ‘ஓசைரிஸ்-ரெக்ஸ்’ 2016 இல் புறப்பட்டு, பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 121.6 கிராம் மண்ணை 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் சேர்த்தது. அத்திட்டத்தின் செலவு சுமார் 116 கோடி டாலர். அதாவது கிராமுக்கு ஏறத்தாழ 95 இலட்சம் டாலர். அதே மாதத்தில் ஒரு கிராம் தங்கத்தின் விலை சுமார் 60 டாலராக இருந்தது. ஆய்வுக்காகச் சென்ற விண்கலத்தைச் சுரங்கத்தோடு ஒப்பிடுவது முறையன்று என்று கூறலாம். அது நியாயமே.

எனவே, ஒரு சிறுகோளையே பிடித்து இழுத்துவரும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கெக் விண்வெளி ஆய்வு நிறுவனம் 2012 இல் வெளியிட்ட அறிக்கை, ஏழு மீட்டர் அகலமும் சுமார் 500 டன் எடையும் உடைய சிறுகோளொன்றைச் சந்திரனுக்கு அருகில் கொண்டுவர 260 கோடி டாலர் ஆகும் என மதிப்பிட்டது. அறிக்கை கருதியது நீரும் கரிமமும் மிகுந்த ஒரு பாறையையே. நாம் அதை மிகச் செழிப்பான உலோகக் கல்லாகவே கொள்வோம். டன்னுக்கு 100 கிராம் பிளாட்டினம் இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 கிலோ கிடைக்கும். 2024 ஆம் ஆண்டு விலையில், அதாவது கிராமுக்குச் சுமார் 30 டாலர் வீதம், அதன் மதிப்பு 15 இலட்சம் டாலர்! செலவில் ஆயிரத்தெழுநூறில் ஒரு பங்கு கூட இல்லை. அந்த அறிக்கையைத் தொடர்ந்து நாசா வகுத்த திட்டமும் 2017 இல் கைவிடப்பட்டது.

பிடிக்கும் அளவைப் பன்மடங்கு பெருக்கினால் இலாபம் வராதா என்னும் வினா எழலாம். உலகில் ஆண்டொன்றுக்குத் தோண்டியெடுக்கப்படும் பிளாட்டினம் ஏறத்தாழ 180 டன். அதில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவுடையது. சந்தையே இவ்வளவு சிறியதாயிருக்க, விண்ணிலிருந்து சில நூறு டன் வந்திறங்கினால் கெய்ரோவில் நேர்ந்ததே நேரும். இலாபக் கணக்கு கலைவதோடு, அச்சுரங்கங்களை நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்களும் நிலைகுலையும்.

தோண்டும் வேலையும் எளிதன்று. பென்னுவின் மேற்பரப்பு மிகத் தளர்வானது; மண் எடுக்கச் சென்ற கரம் சுமார் அரை மீட்டர் ஆழம் உள்ளே புதைந்தது. ஈர்ப்பு விசை ஏறக்குறைய இல்லாத இடத்தில், தோண்டும் கருவி மண்ணைத் தள்ளும்போது மண்ணும் கருவியைத் தள்ளிவிடும். 2012 இல் பெரும் ஆரவாரத்துடன் அறிமுகமான ‘பிளானட்டரி ரிசோர்சஸ்’ 2018 இல் வேறு துறை நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. ‘ஆஸ்ட்ரோஃபோர்ஜ்’ 2025 பிப்ரவரியில் அனுப்பிய விண்கலம் சில நாட்களிலேயே தொடர்பிழந்தது.

ஆயினும் ஒரு வாதம் வலுவானது. பூமிக்குக் கொண்டுவராமல், விண்ணிலேயே பயன்படுத்துவதற்கு நீரை எடுக்கலாம் என்பது அது. ரியுகு, பென்னு போன்றவற்றின் களிமண் கனிமங்களில் நீர் பிணைந்துள்ளது. அதை மின்சாரத்தால் பிரித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும், அதாவது ராக்கெட் எரிபொருள், கிடைக்கும். பூமியிலிருந்து ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு கிலோவுக்கும் பெரும் செலவாவதால், விண்ணில் நீருக்குத் தங்கத்தினும் மதிப்பு உண்டு. எனினும் அங்கு எரிபொருள் வாங்குவோர் இன்னும் தோன்றவில்லை. ஏவுதற்செலவு குறையக் குறைய, விண்ணில் எடுக்கும் நீரின் அனுகூலமும் குறைகிறது.

அப்படியானால் இம்முயற்சிகள் வீணா? இல்லை என்பதே நமது கருத்து. பென்னுவின் மண்ணில் உயிரினங்களின் புரதங்களில் காணப்படும் இருபது அமினோ அமிலங்களுள் பதினான்கு இருப்பதாக 2025 ஜனவரியில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 2022 இல் நாசாவின் ‘டார்ட்’ விண்கலம் டைமார்ஃபஸ் என்னும் சிறுகோளின்மீது மோதி, அதன் சுற்றுக்காலத்தைச் சுமார் 32 நிமிடம் குறைத்தது. பூமியை நோக்கி வரும் கல்லைத் திசைதிருப்ப இயலும் என்பதற்கு அதுவே முதற்சான்று. செலவிட்ட பணத்திற்குக் கைம்மாறாகக் கிடைத்தது இந்த அறிவுதான். அதன் மதிப்பு, பெருகுவதால் குறைவதன்று.

ஆனால் ஒன்றை நாம் கவனியாதிருத்தலாகாது. சுரங்கம் பிறக்கும் முன்பே அதன் உரிமைச் சட்டங்கள் பிறந்துவிட்டன. 1967 ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை எந்த நாடும் வான்பொருள்களைத் தனதாக்கிக்கொள்வதைத் தடுக்கிறது. 1979 இன் சந்திர உடன்படிக்கை அவற்றின் வளங்களை மனிதகுலத்தின் பொதுச் சொத்தென்கிறது. பாகிஸ்தான், மொராக்கோ, துருக்கி, குவைத் ஆகியன அதனை ஏற்றவை. இந்தியா 1982 இல் கையெழுத்திட்டும் உறுதிப்படுத்தவில்லை. சவூதி அரேபியா 2024 இல் விலகிவிட்டது. மறுபுறம், எடுத்த பொருள் எடுத்தவர்க்கே என்று அமெரிக்கா 2015 இலும் லக்சம்பர்க் 2017 இலும் சட்டம் இயற்றின. ஐக்கிய அரபு அமீரகமும் 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தில் விண்வளங்களை எடுக்க அனுமதி வழங்க வழி வகுத்தது; சிறுகோள் மண்டலத்துக்கு 2028 இல் விண்கலம் அனுப்பவும் அது திட்டமிட்டுள்ளது.

இன்றைய கணக்கில் சிறுகோள் உலோகம் செலவுக்குத் தகாது. நாளை அக்கணக்கு மாறலாம். மாறும் நாளில் பங்கு கேட்கப் புறப்படுவோர், பங்கீடு முன்னரே எழுதி முடிக்கப்பட்டிருப்பதைக் காண்பர். விண்கலம் ஏவும் வசதி எல்லா நாடுகளுக்கும் இல்லை. ஆனால் உடன்படிக்கையைப் படிக்கவும், அது பற்றிக் கருத்துரைக்கவும், சட்டமும் வானியலும் அறிந்த இளைஞர்களை உருவாக்கவும் அவ்வசதி தேவையில்லை. அப்பணியை இப்போதே தொடங்குவது நம் அனைவரின் பொறுப்பாகும்.